பெரியப்பா ஆன பாளையக்காரர்

அண்ணன் வடக்கே ஓர் ஓவியக் கல்லூரியில் வாத்தியாராக இருக்கிறான். போன வருஷம் அவனுடைய பழைய படங்களை எல்லாம் சேர்த்துச் சென்னையில் ஒரு கண்காட்சி வைக்க ஏற்பாடானது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படமும் வேண்டும் என்று கேட்டார்கள். அதோடு விட்டார்களா? படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு பக்கம் எழுதியும் தர வேண்டுமாம். "இத்தனை வருஷம் அந்தப் படத்தோடயே இருந்திருக்கீங்க மேடம். உங்களுக்கு அதுல என்ன தெரியுதுன்னு எழுதுங்க, போதும்" என்றாள் கண்காட்சி வைக்கும் பெண்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவள். நான் எழுதிய முதல் காகிதம் "மேற்படி படத்தில் காணப்படும் நபர்" என்று ஆரம்பித்தது. கிழித்துப் போட்டேன். இரண்டாவதை, அண்ணனின் படங்களைப் பற்றிப் பெரிய ஆட்கள் எழுதியதைப் பார்த்து எழுதினேன். வன்முறையின் தழும்பு, வரலாற்றின் ரணம் என்றெல்லாம் வந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். அதையும் கிழித்தேன்.

படம் இதுதான். கும்பெனிக்காரர்கள் தூக்கில் போட்ட ஒரு பாளையக்காரரின் முகம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே சினிமாவில் அவராக நடித்தவரின் முகம் உங்களுக்கு நினைவு வரும், அப்புறம் நான் சொல்வது எதுவும் ஏறாது. நிஜத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்பான் அண்ணன். காலண்டரில் அவருக்கு முறுக்கு மீசை, மகுடம், கழுத்து நிறைய முத்து மாலை எல்லாம் உண்டு. அண்ணன் படத்தில் ஒன்றும் கிடையாது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். நெற்றியில் பாதி கறுப்புக்குள் போயிருக்கும். கன்னம், புருவம், கழுத்து எங்கும் முள்கம்பியை உருட்டிவிட்டதுபோலக் கோடுகள். பார்க்கிறவர்களைப் பார்க்காமல் அவர்களுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர், கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு மனசு படுகிற பாட்டை வரைவது என்று அண்ணன் அம்மாவுக்கு ஒருமுறை விளக்கினான். "மனசு பாடுபட்டா மூஞ்சிய கழுவிக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

அந்தப் படம் பிறந்த இடம் திருமுடிவாக்கம். தொழிற்பேட்டையில் அப்பா ஒரு சின்ன ஷெட் வைத்திருந்தார். மோட்டார், பம்ப் மேலெல்லாம் கம்பெனி பெயர் பொறித்த ஒரு பித்தளைத் தகடு இருக்குமே, அதைச் செய்கிற வேலை. தகட்டில் எழுத்து வர வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மற்றதை மூடிவிட்டு ஆசிட் தொட்டியில் போட்டால், விட்ட இடத்தை ஆசிட் அரித்துப் பள்ளமாக்கும். எங்கள் வீட்டில் சோறு, படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அந்தப் பள்ளத்திலிருந்து வந்தவைதான். அப்பாவின் இடது புருவத்தில் குறுக்கே ஒரு கோடு போனதும் அந்தத் தொட்டி தெறித்துத்தான்.

அண்ணன் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே செதுக்குப் படம் என்று ஒரு பாடம் இருப்பதும், அதற்கும் தகடும் ஆசிட்டும்தான் வேண்டும் என்பதும் தெரிந்தபோது கொஞ்சம் சமாதானமானார். "ஏதோ நம்ம லைன்தான்" என்று பக்கத்து ஷெட்காரரிடம் சொல்லிக்கொண்டார். விடுமுறை நாட்களில் அண்ணன் ஷெட்டுக்குப் போய்விடுவான். தகட்டின் மேல் மெழுகு பூசி, அதில் ஊசியால் கீறி வரைந்து, ஆசிட்டில் போட்டு எடுப்பான். கீறிய கோடுகள் பள்ளமாகிவிடும். அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்துக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரிதான், தகட்டில் இருப்பது காகிதத்தில் இடம் வலம் மாறி விழும். முதல் படத்தில் அவன் தன் கையெழுத்தைத் தகட்டில் நேராகப் போட்டுவிட்டான். காகிதத்தில் அது திரும்பிக்கொண்டு வந்தது. "ஸ்டாம்ப் செய்யறவன்கிட்ட போய் ஒரு வாரம் நில்லு" என்று அப்பா அன்று முழுக்கச் சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அநேகமாக அதுதான் கடைசி.

கல்லூரிக் கடைசி வருஷத்தில் பாளையக்காரரை வரைந்தான். கண்ணாடி போட்டு, கறுப்புச் சட்டம் அடித்து, கல்லூரியில் பரிசும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்பா காலையில் முகம் மழித்துவிட்டுத் தோளில் துண்டோடு வந்தவர் படத்தைக் கையில் வாங்கினார். கிட்டே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"யாரு இது?" என்றார்.

அண்ணன் பாளையக்காரர் பெயரைச் சொன்னான்.

"தூக்குல போட்டாங்களே, அவரா?"

"ஆமாம்ப்பா. தூக்குக்குப் போறதுக்கு முன்னாடி."

அப்பா படத்தைச் சோபாவில் வைத்தார். "இனிமே என் தொட்டியத் தொடாதே" என்றார். அவ்வளவுதான். எதற்கு இந்தக் கோபம் என்று எங்கள் மூன்று பேருக்கும் புரியவில்லை. ஒரு பெரிய மனுஷரின் முகத்தை இப்படிக் கீறி வைத்துவிட்டானே என்ற வருத்தம் என்று அம்மா சொன்னாள். அப்பாவுக்குக் கலை என்றாலே ஆகாது என்றான் அண்ணன். பதிலுக்குப் பதில் வளர்ந்து, அந்த வருஷமே மேல்படிப்புக்கு வடக்கே கிளம்பிப் போனான். வேலையும் அங்கேயே அமைந்தது. என் கல்யாணத்துக்கு வந்தான், விருந்தாளி மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனான். அம்மாவுக்குப் போன் மட்டும் தவறாது. அப்பா போனை எடுத்தால், "இரு, அம்மாகிட்ட தரேன்" என்பார். அவர்கள் பேச்சு மொத்தமும் அந்த மூன்று வார்த்தைதான்.

படம் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. அதை என்ன செய்வது என்று அம்மாவுக்குக் கவலை. கட்டிலுக்கு அடியில் போட்டால் ஒரு முகத்தின் மேல் படுத்துத் தூங்கும் பாவம். பரணில் போட்டால் செத்துப்போன மகராசனை இருட்டில் அடைத்த பாவம். கடைசியில் கூடத்தில் தாத்தா போட்டோவுக்குப் பக்கத்தில், காலண்டர் இருந்த ஆணி ஒன்று காலியாக இருந்தது. அங்கே மாட்டினாள்.

நம்மூரில் கறுப்புச் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளை முகம், அதுவும் தாத்தா பக்கத்தில் இருந்தால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வருகிறவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, "எப்போ போனார்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "இன்னா பெர்சுக்கு? அட்டாக்கா?" என்று விசாரித்தார். அம்மா ஒவ்வொருவருக்கும் பாளையக்காரர் கதையை முதலிலிருந்து சொல்லிச் சோர்ந்துபோனாள்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அந்தக் கேள்வியை என் மாமியார் கேட்டார். பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். மாமியார் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

சம்பந்தம் பேச வந்த இடத்தில், தூக்கில் தொங்கியவரின் படத்தை என் மகன் வரைந்தான், அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை என்று எந்த அப்பா சொல்வார்? "எங்க பெரியப்பா" என்றார் அப்பா.

"வயசாகித்தானே போனாரு?"

"இல்லீங்க. அகாலமா."

"பிள்ளைங்க இருக்காங்களா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இல்லைன்னுதான் சொல்லணும்."

"அப்போ அவருக்கும் சேர்த்து நீங்கதான் எள்ளுத் தண்ணி விடணும். விடறீங்க இல்ல?" என்று கேட்டார் மாமியார். "விட்டுட்டுதான் இருக்கேன்" என்று அப்பா சொன்னார். சம்பந்தம் முடிந்தது. போகும்போது மாமியார் தன் பையிலிருந்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளிப் பாளையக்காரருக்குச் சாத்திவிட்டுப் போனார். அவர்கள் கார் தெரு திரும்பியதும் நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

என் மாமியார் லேசுப்பட்டவர் இல்லை. ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தால் போன் போடுவார். "சம்பந்தி, பெரியப்பாவுக்கு விட்டாச்சா?" என்பார். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் அப்பா பெரியப்பாவுக்கும் எள்ளுத் தண்ணி விட ஆரம்பித்தார் என்று நான் நினைத்தேன். திருநீர்மலைக் குளக்கரையில் உட்கார்ந்து, தாத்தா, பாட்டி, முப்பாட்டன் என்று வரிசையாக முடித்தபின், "இன்னும் யாராவது?" என்று ஐயர் கேட்பார். "ஒரு பெரியப்பா" என்பார் அப்பா. பெயரைக் குனிந்து ஐயர் காதில் சொல்வார். எள்ளும் தண்ணீரும் அவர் கட்டைவிரல் வழியாக இறங்கும். மாமியார் காலமாகி, கேட்க ஆளில்லாமல் போனபிறகும் அப்பா நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா கண்ணாடியின் மேல் வைக்கிற சந்தனப் பொட்டும் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் பெரியப்பாவாகவே ஆகிவிட்டார். என் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போது அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர் வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்தபோது ஒரே பெருமை.

இதையெல்லாம் கண்காட்சிக்காரப் பெண்ணுக்கு எப்படி ஒரு பக்கத்தில் எழுதுவது?

ஒரு சனிக்கிழமை, கண்ணாடியைத் துடைத்துப் படத்தைக் கட்டி வைக்கலாம் என்று அப்பா வீட்டுக்குப் போனேன். வேளச்சேரி ரோட்டில் வழக்கம்போல வண்டிகள் நகரவில்லை. போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ஆணியிலிருந்து படத்தை இறக்கினேன். சந்தனம் தடித்துப்போய்ச் சுரண்டத்தான் வேண்டியிருந்தது. கூடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று படுக்கையறை ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போனேன்.

ஜன்னலுக்கு எதிரே இரும்பு பீரோ. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. படத்தின் முகம் வெளியே தெரிய நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தபோது பீரோக் கண்ணாடியில் அப்பா வருவது தெரிந்தது. "கொஞ்சம் இருங்கப்பா" என்று திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தேன். என் கையில் இருந்த படம்தான் அப்பா.

படத்தில் இடம் வலம் மாறியிருந்த முகம் கண்ணாடியில் நேராகிவிட்டது. இழுத்துக்கொண்டிருந்த வாய், சாப்பாட்டில் உப்பில்லை என்றால் அப்பா வைத்துக்கொள்கிற வாய். கீறல்களோடு கீறலாக நான் நினைத்திருந்த ஒரு கோடு இடது புருவத்தில் குறுக்கே போனது. இத்தனை வருஷம் அது எதிர்ப்பக்கம் இருந்ததால் எனக்கும் தெரியவில்லை, அவரோடு குடும்பம் நடத்திய அம்மாவுக்கும் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். படத்தையும் விடவில்லை.

எதிர்ப்பக்கமாகவே அந்த முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிற ஆள் ஒருவர்தான் அந்த வீட்டில் உண்டு. வாஷ்பேசின் பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது. போனேன். அப்பா முகம் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் கண்ணாடியில் என்னையும் என் கையில் இருந்த படத்தையும் பார்த்தார். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "கண்டுபுடிச்சிட்டியா?" என்றார்.

"உங்களுக்கு எப்போப்பா தெரியும்?"

"அன்னிக்கே. ஷேவ் பண்ணிட்டு நேரா வந்து வாங்கறேன். அதே மூஞ்சி. எனக்குத் தெரியாதா?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெத்த புள்ள, என்னைப் பார்த்தா அவனுக்குத் தூக்குல தொங்கப்போற ஆள் மாதிரி தெரிஞ்சிருக்கு. அவன்கிட்ட என்னன்னு கேக்கறது?"

"அம்மாகிட்டகூடச் சொல்லலையா?"

"எதுக்கு? அவளும் அப்புறம் தினமும் சுவத்துல அதையே பாத்துட்டு இருப்பா."

எனக்கு அதற்குள் இன்னொன்று உறைத்தது. கேட்கவே பயமாக இருந்தது. "அப்போ அந்த எள்ளுத் தண்ணி?"

அப்பா துண்டை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "முதல்ல அந்தப் பாளையக்காரருக்குத்தான்மா விட்டேன். சத்தியமா. தூக்குல போட்டவங்களுக்கு யாரு செஞ்சிருக்கப் போறாங்கன்னு தோணிச்சு. அப்புறம் ரெண்டு மூணு வருஷம் போச்சு. இவன் வரல. எனக்கு ஒண்ணுன்னா இவன் வருவான்னு என்ன நிச்சயம்? காசி கயான்னு போய்த் தனக்குத்தானே பிண்டம் போட்டுக்கறவங்க இல்லையா? நான் திருநீர்மலையில எள்ளு போட்டுக்கிட்டேன்."

உயிரோடு இருக்கிற மனுஷர், மகனும் மகளும் உள்ளவர், வருஷா வருஷம் ஈர வேட்டியோடு உட்கார்ந்து தனக்கே எள் இறைத்திருக்கிறார். பக்கத்தில் நாங்கள் பிளாஸ்டிக் கூடையில் வாழைக்காயும் பூசணிக்காயும் வைத்துக்கொண்டு வெயிலைத் திட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது. "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?" என்று கத்தினேன். "சரி சரி, அம்மா வர நேரம்" என்று எழுந்து போய்விட்டார்.

மொட்டை மாடிக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில், "அந்தப் படத்துல இருக்கறது அப்பாவா?" என்று கேட்டேன்.

"அப்பாதான்" என்றான் அண்ணன். "ஒரு நாள் ஷெட்டுல கரன்ட் இல்ல. பெரிய ஆர்டர் ஒண்ணு அன்னிக்குத்தான் கைவிட்டுப் போச்சு. அப்பா ஸ்டூல்ல உக்காந்து வாசலைப் பார்த்துட்டு இருந்தாரு. வேலைக்காரங்க எதிர்ல கலங்கக் கூடாதுன்னு மூஞ்சிய அப்படி இறுக்கி வச்சிருந்தாரு. எல்லாம் போனப்புறமும் தலை குனியாத ஆள் எப்படி இருப்பான்னு நான் எங்கெங்கயோ தேடிட்டு இருந்தேன். எதிர்லயே உக்காந்திருந்தாரு. அவருக்குத் தெரியாம தகட்டுலயே நேரா கீறிட்டேன். அவர்கிட்ட அதைச் சொல்லணும்னுதான் கொண்டு வந்தேன். அதுக்குள்ள தொட்டியத் தொடாதேன்னுட்டாரு. அப்பாவுக்கு அது தான்னு தெரியவே தெரியாது."

"தெரியும்" என்றேன். கண்ணாடியையும் சொன்னேன், எள்ளுத் தண்ணியையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன் போனை வைத்துவிட்டான்.

கண்காட்சி ஐப்பசியில்தான். ஆனால் மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் அண்ணன் தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். வீட்டுக்குள் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா முன்னால் போய் நின்றான். "தலை குனியாத ஆள்னுதாம்பா வரைஞ்சேன்" என்றான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "வாசலுக்குப் போய்ச் செருப்பை விட்டுட்டு வா" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். எதற்கு இந்தத் திடீர் வரவு என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மறுநாள் திருநீர்மலைக் குளக்கரையில் சரியான கூட்டம். அப்பா உயிரோடு இருக்கையில் மகன் எள்ளைத் தொடக் கூடாது. அதனால் அண்ணன் குடை பிடித்துக்கொண்டு அப்பாவின் பின்னால் நின்றான். ஐயர் வழக்கமாக வருகிறவர். தாத்தா, பாட்டி, முப்பாட்டன் எல்லாரும் முடிந்தார்கள்.

"அடுத்தது உங்க பெரியப்பா" என்று அவரே எள்ளை எடுத்துக் கொடுத்தார்.

அப்பா கையை நீட்டவில்லை.

"அவருக்கு இனிமே வேணாம் சாமி" என்றார். "அவருக்குப் பையன் வந்துட்டான்."

ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று எள்ளைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் குடையை முன்னால் சாய்த்துத் தன் முகத்தை மறைத்துக்கொண்டான். அப்பாவின் தலையில் வெயில் அடித்தது. அவர் அப்படியே வெயிலில் உட்கார்ந்திருந்தார்.